கம்ப்யூட்டர் பேரேட்டுக்கு நகல் எங்கே?



என் தகப்பனார் ராஜபாளையத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த காலத்தில், இரவு கடை சாத்தும்போது கல்லாப் பணத்தோடு பேரேட்டையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். சிட்டா கடையிலேயே இருக்கும். கடையில் தீ விபத்து என்றால் பேரேடு பிழைக்கும். பேரேட்டுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் சிட்டாவைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் கைவிட்டது இந்தப் பழக்கத்தைத்தான்.

2019 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், மலைப் பக்கமிருந்து வந்த மழையில் ஒரு பெரிய இடி. பின்னறையில் இருந்த சர்வர் போயிற்று. பில் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் அதிலிருந்துதான் கணக்கை எடுக்கும். அது நின்றதும் மூன்றும் வெறும் பெட்டிகளாகிவிட்டன. வாசலில் லோடு ஆட்டோக்கள் நிற்கின்றன, யாருக்கு எவ்வளவு நிலுவை என்று சொல்ல ஆளில்லை.

பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தோம். தனி ஹார்டு டிஸ்க் ஒன்று சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகியிருந்தது. அதே இடியில் அதுவும் போனது. கணக்கு எழுதும் தம்பி தினமும் மாலையில் பென் டிரைவில் காப்பி செய்து என்னிடம் தருவார். அதை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது திரையில் தெரியும் ஐகான் மட்டும். ஏழு மாதமாகக் கதவின் படத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, வீடு பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறோம். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்க வேண்டியவன் நான்.

மார்ச் முடிவில் ஆடிட்டருக்குக் கொடுத்த நகல்தான் காப்பாற்றியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உள்ளதை மறுபடி எழுதினோம். வாங்கியதெல்லாம் ஜி.எஸ்.டி. தளத்தில் 2ஏ படிவத்தில் கிடைத்தது. பாங்கு வரவு ஸ்டேட்மெண்டில் கிடைத்தது. பதிவு எண் உள்ள கடைகளுக்கு விற்றதும் நாங்கள் தாக்கல் செய்த படிவத்தில் பில் வாரியாக இருந்தது. ஆனால், பதிவு எண் இல்லாத சிறு கடைகளுக்குக் கொடுத்தது மொத்தத் தொகையாகத்தான் இருந்தது, பெயர் இல்லை. நம் தொழிலில் கடன் நிற்பது அங்கேதான்! "எல்லாம் கவர்மெண்ட் தளத்தில் இருக்கிறதே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சேத்தூர், மம்சாபுரம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் தங்கள் பற்று நோட்டைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, எங்க பாக்கி இவ்வளவு, எழுதிக்கோங்க" என்றார்கள். சிலர் வரவில்லை. அவர்களில் யார் மறந்தார், யார் மறைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களில் விஷமிகள் புகுந்து தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். பல நாட்கள் கையால் சீட்டு எழுதினார்கள். பாதிக்கப்படாத வேறொரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் விவரம் திரும்பக் கிடைத்தது. தென்கொரியாவில் அதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரின் அரசுக் கணினி மையத்தில் யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று வெளியே நகல் வைக்கவில்லையாம். நம்மில் எத்தனை பேர் யு.பி.எஸ்.ஸையும் சர்வரையும் எண்ணெய் டின்களுக்கு நடுவே ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம்?

சட்டமும் நம்மை விடுவதில்லை. ஜி.எஸ்.டி. விதி 57, கணக்கைக் கம்ப்யூட்டரில் வைப்பவர் விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைக்க வேண்டும் என்கிறது. ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கவும் வேண்டும். இடி விழுந்தது என்று அதிகாரியிடம் சொன்னால் அனுதாபப்படுவார், அவ்வளவுதான்.

சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறேன், ஒன்று போனால் மற்றொன்று ஓடும் என்று சிலர் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பையன் தவறாக ஒரு கணக்கை அழித்தால் இரண்டிலும் அழியும். இன்டர்நெட்டில் தானாக ஏறும் நகலும் அப்படியே. பழைய தேதி நகல்களையும் வைத்திருக்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நம் தென்மாவட்டங்களில் பல ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அன்றைக்கு இன்டர்நெட்டில் உள்ள நகலை எதில் பார்ப்பது?

இப்போது என் கடையில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் மாறி மாறி ஓடுகின்றன. நகல் எடுத்ததும் கழற்றி, ஒன்று என்னோடு வீட்டுக்கு வரும். சனிக்கிழமைதோறும் நிலுவைப் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து பீரோவில் வைக்கிறேன். கார்பன் வைத்த பில் புத்தகம் நான்கு எப்போதும் கல்லாவில் இருக்கும். மென்பொருளின் லைசென்ஸ் எண்ணும் பாஸ்வேர்டும் ஒரு கவரில் இருக்கின்றன. என் மகனுக்கு இடம் தெரியும். மாதம் ஒருமுறை நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐந்து கடைக்காரர்களின் பாக்கியைச் சரிபார்க்கிறோம். முதல் முறை ஒரு முழுப் பகல் ஆனது. சென்ற மாதம் நாற்பது நிமிடம். எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடத்த முடியும், எத்தனை நாள் பில்லை மறுபடி எழுதத் தயார் என்று அவரவர் முதலில் முடிவு செய்துகொண்டால், எத்தனை நாளுக்கொரு முறை நகல் எடுப்பது என்பது தானே தெரிந்துவிடும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அரை மணி பஸ் தூரம். இரண்டு ஊர் உறுப்பினர்களும் ஜோடி சேர்ந்து, பாஸ்வேர்டு போட்ட டிஸ்க்கை மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் மற்றவர் வைத்துக்கொள்ளலாம். போட்டியாளரிடம் கணக்கைக் கொடுப்பதா என்று தயங்குபவர்கள், மளிகைக்காரர் ஜவுளிக்காரரோடு சேரட்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோடி சேர யாரேனும் முன்வந்தால் என் டிஸ்க் தயாராக இருக்கிறது. வாங்க வரும்போது பால்கோவாவுக்கான காசையும் நானே கொண்டுவருகிறேன்.