கண்ணைக் கேட்டால் போதுமா?

நம்ம கைலாசபுரம் குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீடு கட்டிப் போறவங்க பலரும் வாசல் வரைக்கும் பாலிஷ் கிரானைட் போடுறாங்க. என் பாட்டி வீடும் அப்படித்தான். ஐப்பசி மழையில் பாட்டி வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டு!

கல் மேல் குற்றமில்லை, தேர்வில்தான் தவறு. கூடத்துக்குப் பளபளப்பு சரி. வாசலுக்கும் தோட்டத்துக்கும் சொரசொரப்பான கல்தான் வேணும். ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரத்துக் கருங்கல் கண்ணாடி மாதிரி மின்னாது; ஆனா கால் பிடிக்கும். தோட்டத்தில் கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டா மழைநீர் மண்ணுக்குள்ள இறங்கும்.

சமையலறைக்கு வேற கணக்கு. கடப்பா கல், பளிங்கு இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி பட்டா மங்கிடும், கிரானைட் தாங்கும்.

கல் வாங்கும்போது பார்க்கிற கண்ணை மட்டுமல்ல, நடக்கிற காலையும் கேளுங்க!