கல்வியியல் ஆய்வு வகுப்பறைக்கு வரட்டும்
உயர்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் நான். மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைவேந்தர் என்ற முறையில் தங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

நம் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளின் அறிக்கைகளில் 'சாதனைகள்' என்ற தலைப்பில் வருபவை பெரும்பாலும் எண்ணிக்கைகள்தாம்: வழங்கிய முனைவர் பட்டங்கள், வெளிவந்த கட்டுரைகள், நடந்த கருத்தரங்குகள். அவற்றின் பின்னால் இருக்கும் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளில் எத்தனை எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தன என்ற கணக்கு நான் படித்த அறிக்கைகளில் இல்லை. அந்தக் கணக்கைத் தாங்கள் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்களுக்கு எப்படிப்பட்ட ஆய்வு தேவை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 502இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் என் வகுப்பில் சிலர் 476 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தோன்றும். விடையைக் கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒன்றின் இடத்தில் 8இலிருந்து 2 போக 6. பத்தின் இடத்தில் 7இலிருந்து 0 போக 7. நூறின் இடத்தில் 5இலிருந்து 1 போக 4. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது குழந்தை. தானே வகுத்துக்கொண்ட விதியை அது பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. கழித்தலில் மாணவர்கள் கைக்கொள்ளும் இத்தகைய தவறான விதிகளை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இலேயே வகைப்படுத்தி எழுதிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு இன்னும் இருபது கணக்குக் கொடுத்துப் பயனில்லை. நூறைப் பத்துக் கட்டுகளாகவும், ஒரு கட்டைப் பத்துக் குச்சிகளாகவும் அதன் கையாலேயே பிரிக்க வைக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் எந்தத் தவறான விதி அதிகம், அது எந்த வகுப்பில் வேர்பிடிக்கிறது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் விலகுகிறது? இந்தக் கேள்விகளோடு ஓர் ஆய்வாளர் வந்தால் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஓராண்டு இடம் தருவேன்.

ஆனால் எங்கள் பள்ளிக்கு வரும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் வினாநிரலோடுதான் வருகிறார்கள். ஆசிரியரின் மனப்பான்மை, பணி நிறைவு, மனவெழுச்சி நுண்ணறிவு என்று ஏதோ ஒன்றை அளக்கும் படிவம் அது. மதிய இடைவேளையில், ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்துத் திருப்பிக் கொடுக்கிறோம். பிறகு ஆண்-பெண், கிராமம்-நகரம், அரசு-தனியார் என்று பிரித்து டி-சோதனை நடக்கிறது. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற முடிவோடு ஆய்வேடு கட்டுக்குப் போகிறது. மாறி ஒன்றை மாற்றி, மாவட்டத்தை மாற்றி, அதே வடிவில் இன்னோர் ஆய்வேடு எழுதப்படுகிறது. நாட்டின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் கல்வியியல் பகுதியைத் திறந்தால் இந்த வகையைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

இதற்கு அந்த மாணவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. வகுப்பறையில் ஓராண்டு உட்காருவதற்கான உதவித்தொகை பலருக்கு இல்லை. பள்ளிக்குள் நுழைய அனுமதி பெறவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. காலிப் பணியிடங்களால் ஒரே நெறியாளர் பலரது சுமையைத் தாங்குகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்றன. விரைவில் முடியக்கூடிய தலைப்பை நோக்கியே அது பலரைத் தள்ளியது. 2022ஆம் ஆண்டு விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. நிதானமாகச் செய்யும் ஆய்வுக்கு வாசல் திறந்திருக்கும் இந்த நேரத்தில் அரசு கைகொடுக்க வேண்டும்.

கரோனா காலத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். பள்ளிகள் நீண்டகாலம் மூடிக் கிடந்ததால் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகள் இழந்தது எவ்வளவு, அதில் எவ்வளவு மீண்டது? இதற்கு நம்மிடம் உறுதியான விடை உண்டு. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு அது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். மாலை நேரத்தில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை. 2019இலேயே அதே கிராமங்களில் குழந்தைகளின் கற்றலை அளந்து வைத்திருந்ததால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று.

அந்த மூவரும் பொருளாதார அறிஞர்கள். ஸ்டாக்ஹோமிலும் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் பணிபுரிபவர்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே வேளையில், காரைக்குடியிலும் திருச்சியிலும் சிதம்பரத்திலும் சேலத்திலும் கல்வியியல் துறைகளை வைத்திருக்கிறோம். ஆசிரியர் கல்விக்கென்றே 2008இல் சட்டம் இயற்றித் தனிப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் இது. நம் பிள்ளைகளைப் பற்றிய அடுத்த பெரிய ஆய்வு இந்தத் துறைகளிலிருந்து வர வேண்டாமா?

முடியுமா என்ற ஐயம் எனக்கில்லை. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை சார்ந்தோர் முன்னின்று 1994இல் நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டப் படிப்பை உருவாக்கினார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று அந்தப் படிப்பு காட்டியது. இங்கேயோ பி.எட். படிப்பு 2015இல் ஈராண்டானதிலிருந்து ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் பல வாரங்கள் பள்ளியில் தங்குகிறார். அந்த வாரங்கள் பாடக்குறிப்பேட்டை நிரப்புவதிலேயே கழிந்துவிடாமல், ஒவ்வொருவரும் ஐந்து குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் முறையாகப் பதிவு செய்தால், ஒரே ஆண்டில் மாநிலம் முழுவதற்குமான சான்று கிடைத்துவிடும்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவை:

ஒவ்வொரு கல்வியியல் துறைக்கும் ஓர் ஒன்றியத்தின் பள்ளிகளைப் பத்தாண்டுக்குப் பொறுப்பாகத் தாருங்கள். அந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எப்படிக் கற்கிறார்கள் என்பதைத் துறை தொடர்ந்து பார்க்கட்டும்.

பள்ளிக்கல்வித் துறையோடு பேசி, ஆய்வு அனுமதிக்கு முப்பது நாள் என்று கெடு வையுங்கள்.

ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டோடும் ஆசிரியர்களுக்கென்று நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். வாய்மொழித் தேர்வு அவையில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் இடம் கொடுங்கள்.

அரசு புதிய கற்பித்தல் திட்டம் எதைத் தொடங்கினாலும், முதல் நாளிலிருந்தே அதை மதிப்பிடும் பொறுப்பை ஒரு கல்வியியல் துறையிடம் ஒப்படையுங்கள். முடிவு அரசுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் அது வெளிவரும் என்று உறுதி கொடுங்கள்.

காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். நெறியாளர் இல்லாமல் மேற்சொன்ன எதுவும் நடக்காது.

அடுத்த ஆண்டறிக்கை தங்கள் மேசைக்கு வரும்போது, 'உங்கள் ஆய்வால் எந்த வகுப்பறையில் என்ன மாறியது?' என்று ஒவ்வொரு துறைத்தலைவரிடமும் கேளுங்கள். அமைச்சரே கேட்டால் பல்கலைக்கழகங்கள் பதில் தேடத் தொடங்கும். எங்கள் வகுப்பறைக் கதவுகளைத் திறந்துவைக்க ஆசிரியர்களாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்