சுமையன்று, பயணி

மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு பொருத்தப்படும் பெட்டியைச் சைட்கார் என்பர். கெடா மாநிலத்தின் பாக்கார் ஆராங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் இது புதிய காட்சியன்று. காய்கறி விற்போர், பழைய இரும்பு வாங்குவோர், புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு செல்வோர் எனப் பலருக்கும் இதுவே பிழைப்புக்குத் துணை. அதே பெட்டியில் கூடாரம், சட்டி, தண்ணீர்க் கலன் ஆகியவற்றோடு வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு, விடுமுறையில் முகாமிடச் செல்லும் ஆசை சிலருக்கு எழுகிறது. நாயை இவ்வாறு அழைத்துச் செல்வது சரியா? சரிதான். ஆனால், அந்த நாய் சுமையாக அல்லாமல் பயணியாக நடத்தப்பட வேண்டும்.

மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு தோட்டப்புறத் தமிழருக்கு நன்கு தெரிந்ததே. இருள் பிரியுமுன் பால்வெட்டச் சென்றவர்களுக்கு முன்னால் நாயும் நிரைக்குள் நடந்தது. பாம்போ காட்டுப்பன்றியோ எதிர்ப்பட்டால் குரைத்து எச்சரித்தது. பின்னர், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, பல நாய்களுக்குப் புதிய வீட்டில் இடம் கிடைக்கவில்லை. மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில், பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறும்படி கூறப்பட்டபோது தருமர் இணங்கவில்லை. துணையாக வந்த உயிரைப் பாதி வழியில் கைவிடுவது அறமன்று என்பதே அக்கதை உணர்த்தும் செய்தி. விடுமுறை நாள்களில் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு, ஒரு தட்டு உணவை மட்டும் வைத்துச் செல்வதைவிட உடன் அழைத்துச் செல்வது எவ்வளவோ மேலானது.

எனினும், இப்பயணம் ஆபத்தானது என்று கூறுவோரும் உளர். அவர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. சைட்கார் பூட்டிய வண்டி, சாதாரண மோட்டார் சைக்கிளைப் போல வளைவுகளில் சாய்ந்து திரும்பாது. இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் சைட்காரின் சக்கரம் தரையைவிட்டு மேலெழும். அந்நேரத்தில் உள்ளே இருக்கும் நாய் துள்ளினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே, கனமான பொருள்களைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும்; வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டினால் அது வெளியே குதிக்கும்போது கழுத்து இறுகிவிடும். மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டையில்தான் கட்ட வேண்டும். மேலும், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றமாகும். அனுமதி பெறாத பெட்டியில் உயிரை ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

வெயில் அடுத்த எதிரி. மனிதனைப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கியே அது உடல் வெப்பத்தைப் பெரிதும் தணிக்கிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய இரும்புப் பெட்டி அதற்கு அடுப்பைப் போன்றது. அதனால், விடியற்காலையில் புறப்படுவதும், பெட்டிக்கு நிழல் தரும் கூரை அமைப்பதும், அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் கொடுப்பதும் கட்டாயம். பாக்கார் ஆராங்கிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மெர்போக் வழியாகச் சென்றால் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரம் அருகிலேயே இருக்கிறது. நாய்க்கு ஏற்ற பயணம் குறுகிய பயணமே.

முகாமிடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த பெருமழையால் யான், கோலமூடா மாவட்டங்களில் வெள்ளம் பாய்ந்து உயிர்ச்சேதம் விளைந்தது. மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயேர்’ எனப்படும் இத்தகைய நீர்ப்பெருக்கு, முகாமில் வானம் தெளிவாக இருக்கும்போதும் மலையுச்சி மழையால் திடீரென வரக்கூடும். கட்டப்பட்டிருக்கும் நாயால் தப்பி ஓட முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடுவதே முறை என்பதால், ஆற்றங்கரையை விட்டு மேட்டு நிலத்தில் கூடாரம் அடிக்க வேண்டும். நிரந்தர வனக்காப்பகத்திற்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

நாயை விரும்புவோர் பிறரின் உணர்வையும் மதிக்க வேண்டும். பல்லின மக்கள் கூடும் நீர்வீழ்ச்சியில் நாயை அவிழ்த்துவிடுவது முறையன்று. முஸ்லிம் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் இடத்தையும் உணவுக் கடைகளையும் விட்டு விலகியிருப்பது பண்பாடு. 2015ஆம் ஆண்டு கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியதை மறத்தலாகாது. ஆகவே, தடுப்பூசியும் நகராண்மைக் கழக உரிமமும் இல்லாத நாயைப் பயணத்திற்கு அழைத்துச் செல்லக் கூடாது.

விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்கீழ், விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும், தண்டனைக்கு அஞ்சிக் காட்டும் அன்பு நீடிக்காது.

சுருங்கக் கூறின், இப்பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் இடத்தையும் நாயின் நலனே முடிவு செய்ய வேண்டும். முதலில் வீட்டருகே சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். நாய் தானாகவே பெட்டியில் ஏறி அமர்ந்தால் பயணத்தைத் தொடங்கலாம். நடுங்கிப் பின்வாங்கினால், அதனை நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படைத்துவிட்டுச் செல்வதே நல்லது. ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்ல அந்த உயிரால் முடியாது. பின்வாங்கும் கால்களைப் பார்த்து அதைப் புரிந்துகொள்வது அதனை வளர்ப்பவரின் கடமையாகும்.