நிறுத்திய இதயம் மறுபடி துடிக்குமா?

"டாக்டரம்மா, என் நாத்தனாருக்கு 26 வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம். சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப் போச்சாம், மாத்தணுமாம். அதுக்கு இதயத்தையே நிறுத்திடுவாங்களாமே! திரும்ப ஓடலைன்னா? மாமியார் ஆபரேஷனே வேண்டாங்கறாங்க" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

நியாயமான பயம்தான். ஆனால் ஓடுகிற தையல் மெஷினில் ஊசி மாற்ற முடியுமா, சொல்லுங்கள்! வால்வைத் தைக்க இதயம் அசையாமல் இருக்க வேண்டும். அதுவரை உடம்புக்கு ரத்தம் அனுப்புவதை இதய-நுரையீரல் இயந்திரம் பார்த்துக் கொள்ளும். 1953-ல் அமெரிக்க டாக்டர் கிப்பன் வெற்றி கண்ட முறை இது.

சிக்கல் வேறு இடத்தில். மகாதமனியைக் கிடுக்கியால் அடைத்ததும் இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் சோறு போட்டவள் பட்டினி! (நம் வீடுகளில் இது புதிதா என்ன?) அதனால்தான் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை, பெரும்பாலும் ரத்தத்தோடு சேர்த்து, இதயத்தின் ரத்தக் குழாய்களில் செலுத்துகிறார்கள். தசை தளர்ந்து ஓய்ந்துவிடும். துடிப்பதுதான் அதற்குப் பெரிய செலவு. அது நின்றால் பிராணவாயுத் தேவை வெகுவாகக் குறையும், குளிர்ச்சி இன்னும் குறைக்கும். சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடி செலுத்துவார்கள். ஒரே தடவையில் ஒரு மணி நேரம் தாங்கும் கலவையும் உண்டு.

அளவுதான் முக்கியம். 1955-ல் லண்டனில் டாக்டர் மெல்ரோஸ் கண்டுபிடித்த கலவையில் பொட்டாசியம் அதிகம். தசையே கெட்டதால் கைவிட்டார்கள். 1970-களில் அளவைக் குறைத்துத்தான் இந்த முறைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

வேலை முடிந்து கிடுக்கியை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிவிடும். பெரும்பாலும் இதயம் தானே துடிக்கத் தொடங்கும். முரண்டு பிடித்தால் சின்ன மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே களைத்துப்போன இதயத்துக்கு இந்த நேரத்தைத் தாங்குவது கஷ்டம். தள்ளிப் போடப் போட அந்தக் களைப்புதான் கூடும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாத்தனாருக்குக் குழந்தை ஆசை இருந்தால் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் வால்வு வைத்தால் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அது கருவைப் பாதிக்கக்கூடும். எந்த வால்வு என்று முடிவு செய்யும்போது அவர் இதையும் யோசிப்பார்.