ஒற்றையரில் 213, இரட்டையரில் 1

பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் டென்னிஸ் இரட்டையர் முடிவுகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி நாலு வரிதான். ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் திண்ணை அது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ரோகன் போபண்ணாவின் ஆட்ட வாழ்க்கை அதற்குத் தக்க மறுமொழி என்பது என் அபிப்பிராயம்.

கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த போபண்ணா 2003இல் தொழில்முறை வீரரானார். ஒற்றையரில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 213, அது 2007இல். அந்த இடத்தில் நிற்பவருக்குப் பெரும் போட்டிகளில் நேரடி நுழைவு இல்லை. விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்றுநர் என எல்லாச் செலவுக்கும் சிறு போட்டிகளின் பரிசுப்பணத்தையே நம்பவேண்டும்.

அவர் இரட்டையருக்குத் திரும்பினார். ஒற்றையரின் முன்னணி வீரர்கள் இரட்டையரில் அரிதாகவே ஆடுகிறார்கள் என்பது உண்மை. அதனால் அங்கே இடம் கிடைக்கிறது என்று சொல்வோரும் உண்டு. இடம் கிடைக்கலாம், நிலைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். வலையருகே கண்ணிமைக்கும் நேரத்தில் பந்தைத் திருப்பவேண்டும். துணைவர் எப்பக்கம் நகர்வார் என்பதை அவர் நகருமுன் அறியவேண்டும்.

2010இல் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதிவரை சென்றார் போபண்ணா. பிரையன் சகோதரர்களிடம் தோற்றாலும், போரை நிறுத்தி டென்னிஸ் ஆடுங்கள் என்ற அவ்விருவரின் வேண்டுகோள் பரவலாகப் பேசப்பட்டது. வாவியோரம் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்லும் மட்டக்களப்பாருக்கு, அந்தச் சோடியின் அருமையை விளக்கத் தேவையில்லை.

முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்தபின் யோகாசனத்தின் துணையுடன் ஆடினார். 2024 ஜனவரியில், 43 வயதில், மத்தியூ எப்டனுடன் அவுஸ்திரேலியப் பகிரங்கப் பட்டத்தை வென்றார். இரட்டையர் தரவரிசையில் முதலிடமும் பெற்றார். அந்த வயதில் முதன்முறையாக அங்கே ஏறியவர் வேறெவரும் இல்லை. 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

2017இல் சென்னைப் போட்டியில் அவருடன் பட்டம் வென்றவர் தமிழகத்தின் ஜீவன் நெடுஞ்செழியன். அதே ஜீவன் 2024இல் விஜய் சுந்தர் பிரசாந்துடன் சீனாவின் ஹாங்சோவில் வென்றார். இருவரும் ஒற்றையரில் பெயர் பெறாதவர்களே.

இதை விளையாட்டோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. எங்கள் பகுதியில் உயர்தரப் பரீட்சையில் மருத்துவபீடம் தவறிய பிள்ளையை, வாழ்க்கையே தவறியதுபோலப் பார்க்கிறோம். அதே விஞ்ஞான அறிவுக்கு ஆய்வுகூடத்திலும் வயலிலும் வாவியின் மீன்வளத்திலும் வேலை இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. போபண்ணா 213இல் நின்றபோது ஆட்டத்தைக் கைவிடவில்லை. தனக்குப் பொருந்தும் ஆட்டத்தைத் தேடிக்கொண்டார். முதலிடத்துக்கு வர அதன்பின் 16 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நம் பிள்ளைகளுக்கு முதற் பெறுபேறு வந்த அன்றே தீர்ப்பு எழுத நமக்கென்ன அவசரம்?