பெங்குயினுக்குக் கல்லணை தெரியுமா?

சின்னப் பசங்க கம்ப்யூட்டர்ல விளையாடினா கெட்டுப் போயிடுவாங்கன்னு ஒரு கட்சி. எல்லாப் பாடமும் அதுலயே வந்துடும், வாத்தியாரே வேணாம்னு இன்னொரு கட்சி. அடியேன் மூணாவது கட்சி. விளையாட்டு நல்லதுதான், ஆனா அது நம்ம ஊர்ப் பிள்ளைக்குத் தெரிஞ்ச சங்கதியிலேருந்து ஆரம்பிக்கணும். இந்தக் கட்சியில இப்போதைக்கு ஆள் கம்மி :-)

முதல்ல ரெண்டாவது கட்சிக்காரங்களுக்கு ரெண்டு வார்த்தை. குஜராத்ல வதோதரா பள்ளிகள்ல 2002லேருந்து ரெண்டு வருஷம் 'பிரதம்' அமைப்பு ஒரு வேலை பண்ணுச்சு. நாலாங்கிளாஸ் பசங்களை கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரா உக்கார வெச்சு, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு. கணக்கு மார்க் நல்லாவே ஏறுச்சு. பின்னாடி 2019ல நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதை ஆராய்ஞ்சு 2007ல எழுதினாங்க. விளையாட்டை நிறுத்தி ஒரு வருஷம் ஆனதும் ஏறினதுல பாதிக்கு மேல கரைஞ்சு போச்சுங்கறதையும் மறைக்காம எழுதினாங்க. அதே குஜராத்ல இன்னொரு ஆய்வு. பாட நேரத்தைப் பிடுங்கிக்கிட்டு கம்ப்யூட்டரைக் குடுத்தப்போ மார்க் இறங்கிடுச்சு. பள்ளி நேரம் போக கூடுதலாக் குடுத்தப்போ ஏறுச்சு. ஆக, இது ஊறுகாய்தான், சோறு இல்லை.

சரி, ஊறுகாய்தான்னாலும் நம்ம ருசிக்கு வேணாமா?

'ஜிகாம்ப்ரி'ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. 2000ல பிரான்ஸ்காரர் புரூனோ கூடாங் ஆரம்பிச்சது. 'எனக்குப் புரிஞ்சிடுச்சு'ன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சு வாக்கியத்தோட ஓசையிலேருந்து வந்த பேர். எழுத்து, எண், கூட்டல், படம், சதுரங்கம்னு ரெண்டு வயசுலேருந்து பத்து வயசு வரைக்கும் நூத்துக்கு மேல விளையாட்டு. அதுல ஒண்ணுல டக்ஸ் பெங்குயினோட படகு கால்வாயில போகக் கதவுகளை வரிசை தப்பாம திறந்து மூடணும். இன்னொண்ணுல டக்ஸ் மீன் பிடிச்சுட்டு வந்து குளிக்கணும். சூரியன், மேகம், மழை, பம்புன்னு ஒவ்வொண்ணா ஓட வெச்சு ஷவர்ல தண்ணி வர வைக்கணும். அருமையான விளையாட்டு, குறையே சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம டெல்டாப் பிள்ளைக்குத் தண்ணி ஷவர்லயா வருது? மேட்டூரை ஜூன் 12ல திறப்பாங்களா மாட்டாங்களான்னு வீட்ல பேசறதைக் கேட்டு வளர்ற பிள்ளை அது. கல்லணையில தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கறது, வெள்ளம் வந்தா உபரியைக் கொள்ளிடத்துல தள்றது, கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர வைக்கறது... இதை விட நல்ல கணக்கு விளையாட்டு உலகத்துலயே உண்டா?

திருவையாறு பக்கம் சொந்தக்காரப் பையன், அஞ்சாங்கிளாஸ். நோட்டுல மூணில் ஒண்ணைப் பார்த்தாலே முகம் சுண்டிப் போகும். "ஏண்டா தம்பி, ஒரு ஏக்கர் எத்தனை மா?"ன்னு கேட்டேன். "மூணு மாமா"ன்னான் பட்டுனு. "அப்ப ஒரு மா, ஏக்கர்ல எவ்வளவு?" ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சிரிச்சான். புரிஞ்சிடுச்சு! பின்னம் அவன் வீட்டு வயல்லயே கிடக்கு, யாரும் அதைக் காட்டித் தரலை, அவ்வளவுதான். 20 மா ஒரு வேலி. பழைய தமிழ்க் கணக்குல 'மா'ங்கற பின்னமே 1/20 தான். பேரிலேயே பாடம் இருக்கு சாமி.

"பரீட்சைல ஹெக்டேர்தானே கேப்பாங்க, மா எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயம். ஆனா பயம் போனப்புறம் ஹெக்டேர் என்ன, எதை வேணா சொல்லிக் குடுக்கலாம். பயத்தோட ஆரம்பிச்சா எட்டாங்கிளாஸ் வரைக்கும் அது கூடவே வரும். டியூஷனுக்குக் காசு இல்லாத வீட்ல அது படிப்பையே நிறுத்திடும்.

எழுத்துக்கும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கு 26 எழுத்தை மேலேருந்து விழ வெச்சா விளையாட்டு ஆச்சு. தமிழ்ல 247ஐயும் விழ வைக்க முடியுமா? இங்க விளையாட்டே வேற. 'க்'கோட 'எ' சேர்ந்தா கொம்பு முன்னாடி வந்து நிக்கும், 'ஒ' சேர்ந்தா ரெண்டு பக்கமும் காவல் நிக்கும். தமிழ்99ல தட்டறவங்களுக்குத் தெரியும், 'க' தட்டி 'எ' தட்டினா 'கெ' வந்துடும். அந்த விசைப்பலகையே பாதி இலக்கணப் பாடம். அதை விளையாட்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஜிகாம்ப்ரி கட்டற்ற மென்பொருள். யார் வேணா பிரிச்சு மாத்தலாம், காசு வேணாம், அனுமதி வேணாம். மெனுவை மட்டும் தமிழாக்கினா போதாது. உள்ள இருக்கற உலகத்தையும் மாத்தணும். 2011லேருந்து அரசாங்கம் குடுத்த மடிக்கணினிகள்ல இன்னும் ஓடறது எத்தனையோ வீட்டு அலமாரியில தூங்குது. அக்கா படிச்சு முடிச்சது, தம்பிக்கு ஆகட்டுமே.

நிரல் எழுதத் தெரிஞ்சவங்க ஒரு கை குடுங்க. படம் வரையறவங்க கல்லணையை வரைங்க. ரெண்டும் தெரியாத என்னை மாதிரி ஆளுங்க குரல் குடுக்கலாம். நான் தஞ்சாவூர்த் தமிழ்ல 1லேருந்து 100 வரைக்கும் பதிவு பண்ணித் தரத் தயார். மதுரை, நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம்... யாரெல்லாம் வர்றீங்க?