முதன்முறை போகிறவரைத் தடுக்க இவர் யார்?

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் கூட்டங்களுக்கு முதன்முறையாகப் போகும் நம்மவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்தது பொறுப்பற்ற கட்டுரை. டொமைன் பெயர்த் தொழிலில் பல ஆண்டு பழகியவர் எழுதியது என்பதால் அதன் தீங்கு இன்னும் கூடுகிறது. புதியவர்களுக்கு அங்கே எதுவும் விளங்காதாம். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களாம். அவர்களுக்குப் பயண உதவி தருவது வீண்; தேர்ந்த நிபுணர்கள் நாலு பேர் போனால் போதும்; மற்றவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கட்டும் என்கிறார். இந்த வாதத்தில் ஒரு வரிகூட நிற்காது.

பணத்திலிருந்தே தொடங்குவோம். இந்தக் கூட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2007 முதல் நடந்துவரும் நல்கைத் திட்டம், சொந்தச் செலவில் வர முடியாதவர்களுக்குப் பயணத்தையும் தங்குமிடத்தையும் தருகிறது. அது யார் பணம்? மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் தன் டாட் காம் முகவரியை ஓராண்டுக்குப் புதுப்பித்தால், பதிவு நிறுவனம் வழியாக அதில் ஒரு சிறு பங்கு ஐகேனுக்குப் போகிறது. நெடுங்காலம் 18 சென்டாக இருந்த அந்தப் பங்கு 2025 ஜூலை முதல் 20 சென்ட். கோடிக்கணக்கான பெயர்களிலிருந்து பதிவு நிறுவனங்கள் வழியாகவும் மேல்நிலைப் பெயர்களை நடத்தும் நிறுவனங்கள் வழியாகவும் இப்படிச் சேருவதுதான் அந்த அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி. பணம் கட்டுகிறவர்களின் தரப்பிலிருந்து ஒருவர் போய் அந்த அரங்கில் உட்காருவதை வீண்செலவு என்று சொல்ல இவருக்கு என்ன உரிமை?

அடுத்து, நிபுணர்கள். ஆண்டுக்கு மூன்று முறை உலகின் எந்த மூலையில் கூட்டம் நடந்தாலும் தவறாமல் வருகிறவர்களில் பெரும்பாலோர் டாட் காம் போன்ற மேல்நிலைப் பெயர்களை நடத்தும் நிறுவனங்களின் ஆட்கள், பதிவு நிறுவனங்களின் ஆட்கள், வணிகச் சின்ன வழக்கறிஞர்கள். வருவது அவர்கள் வேலை. தங்கள் நிறுவனத்தின் நலனுக்காகப் பேசுவதும் அவர்கள் வேலை. பெயரை வாங்கிப் பயன்படுத்துகிறவரின் நலனையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பச் சொல்வது ஏமாற்று வேலை.

டாட் ஆர்க் விவகாரத்தை இவர் மறந்திருக்க முடியாது. தொண்டு நிறுவனங்கள் நம்பியிருக்கும் அந்தப் பெயருக்கு விலை உச்சவரம்பு ஒன்று இருந்தது. அதை நீக்க வேண்டாம் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 2019 ஜூனில் ஐகேன் அதை நீக்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டாட் ஆர்க்கை நடத்தும் அமைப்பையே ஈதோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஐகேன் அலுவலக வாசலில் நின்று முழக்கமிட்டவர்களில் பெரும்பாலோர் இவர் சொல்லும் நிபுணர்கள் அல்லர். தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள், இணைய உரிமைக்காக நிற்பவர்கள். கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞரும் எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது. வெளியாட்களுக்கு இதில் வேலையில்லை என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் டாட் ஆர்க் இன்று யார் கையில் இருந்திருக்கும்?

நாம் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2012-இல் புதிய மேல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். கட்டணம் 1,85,000 டாலர். வந்த 1,930 விண்ணப்பங்களில் வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675. ஆசியா, பசிபிக் முழுவதற்கும் 303. லத்தீன் அமெரிக்காவுக்கு 24. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் 17. வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கேட்டவர்கள் மூவர், தகுதி பெற்றவர் ஒருவர். உலகத்துக்கே திறந்துவைத்த திட்டத்தின் விளைவு இது! விதிகளை எழுதிய அறையில் ஏழை நாட்டவர் போதிய அளவில் இல்லை. எழுதிய பின்பும் செய்தி அவர்களைச் சென்று சேரவில்லை. 2026 சுற்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர். இந்த முறை சலுகை 75 முதல் 85 விழுக்காடு வரை. பழைய திட்டம் தோற்றது என்று அந்த அரங்குகளிலேயே எழுந்து நின்று, விடாமல் பேசியவர்கள் இருந்ததால்தான் அது இப்படித் திருத்தப்பட்டது.

தமிழுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று வேறு கேட்கிறார். 2007 அக்டோபரில் பதினொரு மொழிகளில் சோதனை முகவரிகளை இணையத்தின் வேரில் சேர்த்தபோது தமிழும் அதில் ஒன்று, 'உதாரணம்.பரிட்சை' என்று தமிழ் எழுத்திலேயே இயங்கியது. 2009 அக்டோபரில் சியோல் கூட்டம் நாட்டுப் பெயர்களைத் தாய்மொழியில் தர ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டு '.இலங்கை', அதற்கடுத்த ஆண்டு '.சிங்கப்பூர்', '.இந்தியா'. இவை தாமாக முளைக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். 'கௌரி' என்று ஒருவர் தட்டுகிறார். இன்னொருவர் 'கெ', 'ள', 'ரி' என்று தட்டுகிறார். திரையில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். ஒன்று வங்கியுடையது, மற்றது திருடனுடையது என்றால் பணத்தை இழப்பது யார்? இப்படிப்பட்ட சிக்கல்களை எழுத்து எழுத்தாகப் பார்த்து, தமிழ் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு விதி வகுத்தது தன்னார்வலர்கள் அமர்ந்த ஒரு குழு. இந்த ஆபத்து தமிழ் படிக்கிறவர் கண்ணில்தான் படும். வணிகச் சின்ன வழக்கறிஞர் எத்தனை கூட்டம் பார்த்திருந்தாலும் அவருக்கு அது தெரியாது.

புதியவருக்குச் சுருக்கப் பெயர்கள் விளங்காது என்பது உண்மை. ஜிஎன்எஸ்ஓ, ஜிஏசி, ஏலாக் என்று காதில் விழும்போது முதல் நாள் யாருக்கும் தலை சுற்றும். அது பேசுகிறவர்களின் குறை. அதைக் கேட்க வந்தவர் தலையில் சுமத்துவது அநியாயம்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறாரே, கொரோனாக் காலத்தில் அதுதான் நடந்தது. 2020 மார்ச்சில் மெக்சிகோவின் கான்கூனில் நடக்கவிருந்த கூட்டம் இணையத்துக்கு மாறியது. 2022 ஜூனில்தான் ஹேக் நகரில் மறுபடி நேரில் கூடினார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் போதும் என்றால், பெரிய நிறுவனங்கள் தம் ஆட்களை உடனே விமானம் ஏற்றியது எதற்கு? அரங்கில் பேசப்படுவது பாதி. மீதி, தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் முடிவாகிறது. அந்தத் தாழ்வாரத்தில் கேமரா கிடையாது. இது கட்டுரையாளருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நம் இளைஞர்களை வீட்டில் உட்காரச் சொல்கிறார்.

2016 நவம்பரில் ஹைதராபாத்தில் நடந்த ஐகேன் கூட்டத்தில், அந்த அமைப்பின் மீதான அமெரிக்க அரசின் மேற்பார்வை முடிந்த சில வாரங்களிலேயே, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். முதன்முறை வந்த இந்தியர்கள் அதில் ஏராளம். பொது மன்றத்தில் ஒலிவாங்கி முன் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இயக்குநர் குழு எதிரே உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அந்த வரிசையில் நம் பிள்ளைகள் நிற்பதை ஊர் சுற்றுவது என்று எழுதியதை இவர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.